நீரும் விளக்கும்

மழை ஓயாத மலையிலே வாழ்கிறவர்களுக்கு நீர்ச் சிக்கனத்தைப் பற்றிச் சொல்வது வீண்வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நானுஓயா என்ற ஊர்ப்பெயரே ஓர் ஆற்றின் பெயர்தான். ஆனால் மலையில் நீர் பிறக்கிறதேயொழிய நிற்பதில்லை. பள்ளத்தை நாடி ஓடிவிடுகிறது. மழை விட்ட சில வாரங்களிலேயே ஊற்று மெலிகிறது. பீலியின் தாரை நூலாகிறது.

அந்தப் பீலிக்கரையை நான் ஒரு பள்ளிக்கூடமாகவே கருதுகிறேன். கொழுந்து பறித்துத் திரும்பிய பெண், வரிசையில் நின்று நிரப்பிய குடத்தை மேட்டிலிருக்கும் லயத்திற்குச் சுமந்து செல்வாள். சுமந்தவளுக்கு நீரின் நிறை தெரியும். ஆகவே அரிசி களைந்த நீர் கீரைப் பாத்திக்குப் போயிற்று. துணி அலசிய நீர் வாசலைக் கழுவிற்று. அடுப்புத் தணலின் மிச்சச் சூடு அடுத்த கேத்தலைக் காய்ச்சிற்று.

இதைச் சொல்வதால் வறுமையைப் புகழ்கிறேன் என்று கொள்ளலாகாது. காம்பராவுக்குள் இன்னும் குழாய் வராத குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குச் சிக்கனம் போதிக்க எவருக்கும் உரிமையில்லை. அவர்களுக்கு வேண்டுவது தண்ணீர். நான் பேசுவது குழாய் வந்தபின் குடத்தின் நிறையை மறந்துவிட்ட வீடுகளைப் பற்றியே.

மலையகத்தில் நீரும் விளக்கும் வேறுவேறல்ல. நானுஓயா ஆறு கொத்மலை ஓயாவோடு கலக்கிறது. அது மகாவலியைச் சேர்கிறது. தலவாக்கலையில் அணைகட்டி, கொத்மலை ஓயாவின் நீரால் இயங்கும் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் தொடங்கப்பட்டது. அதன் ஆற்றல் 150 மெகாவோட். அப்படியிருந்தும் 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றியும் நீர்த்தேக்கங்கள் வற்றியும், நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் நின்றது. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. பின்னர் அது இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது; அந்த அதிர்ச்சி மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

குளிர் நாட்டில் பட்டியலை ஏற்றுவது பெரும்பாலும் விளக்கன்று, வெந்நீர். கணக்கைப் பாருங்கள்: 20 லீற்றர் நீரை 15 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.6 அலகு மின்சாரம் வேண்டும். நால்வர் நாளொன்றுக்கு ஒவ்வொரு வாளி குளித்தால் மாதத்திற்குச் சுமார் 70 அலகு. மின்கட்டணமோ படிப்படியாக ஏறுவது. மேற்படிக்குப் போனால் அலகின் விலையும் நிலையான மாதக் கட்டணமும் கூடும். இந்த வெந்நீர் ஒன்றே சிறு குடும்பத்தை மேற்படிக்குத் தூக்கிவிடப் போதும். ஹீற்றரின் கீழே நெடுநேரம் நில்லாமல் அரை வாளியை மொண்டு குளித்தால், செலவும் பாதியாகும்.

அடுத்தது கசிவு. நொடிக்கொரு துளி சிந்தும் குழாய் நாளொன்றுக்குச் சுமார் 4 லீற்றரை இழக்கிறது. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி மீற்றரைக் குறித்து வையுங்கள். விடியற்காலையில் எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. மலசலகூடத் தொட்டியில் சிறிது மஞ்சள்தூளைக் கரைத்துவிட்டுக் காத்திருங்கள். நீரைத் திறக்காமலே கீழே மஞ்சள் தோன்றினால், கள்வன் அங்கேதான் இருக்கிறான். ஒரு சிறு றப்பர் வளையம் அவனைப் பிடித்துவிடும்.

ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். மாணவர் தம் வீட்டு மீற்றரை வாரந்தோறும் படித்து வரட்டும். கூட்டலும் கழித்தலும் சதவீதமும் அதிலேயே இருக்கின்றன. பாட்டியின் தோள் அறிந்திருந்த நிறையைப் பேரப்பிள்ளை எண்ணாக அறியட்டும். மிச்சமாகும் பணம் பெரிதன்று என்பீர்கள். மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் வீட்டில், அது ஒரு பிள்ளையின் கொப்பிக்கும் பேனாவுக்கும் போதுமானது.