செல்போனில் சும்மா பார்க்கும் வீடியோ: காசு எங்கிருந்து வருது? யார் பாக்கெட்டில் இருந்து போகுது?

களமருதூர்:

உளுந்தூர்பேட்டை அருகே உள்ள களமருதூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், பேப்பர் கைமாறியது போய் இப்போது செல்போன்தான் கைமாறுகிறது. ஒருவர் சமையல் வீடியோ பார்க்கிறார். பக்கத்தில் இருப்பவர் காமெடி பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். இன்னொருவர் புதுப்பட பாட்டை மூன்றாவது தடவையாக கேட்கிறார்.

எல்லாம் ஓசிதானே, நமக்கு என்ன செலவு என்று நினைப்போம். ஆனால் அந்த ஓசி வீடியோவுக்கு பின்னால் கோடி கோடியாக பணம் புரளுது. அந்த பணம் எப்படி வருது, நம்ம பாக்கெட்டில் எப்ப கை வைக்குது என்பது பற்றிய விவரம் வருமாறு:-

ஆட்டோ மைக் காலம்

முன்பெல்லாம் விளம்பரம் என்றால் சுவர் எழுத்து, சினிமா கொட்டகையில் சிலைடு, ஆட்டோவில் மைக் கட்டி நோட்டீஸ் வீசுவது என்றுதான் இருந்தது. விளம்பரம் வருது என்பது தெருமுனையிலேயே காதில் விழுந்துவிடும்.

அந்த காலத்திலும் கில்லாடிகள் இருந்தார்கள். நம்ம பக்கத்து மாவட்டமான கடலூரைச் சேர்ந்த சி.கே.ரங்கநாதன், 1983-ல் ரூ.15 ஆயிரம் முதலீட்டில் சிக் ஷாம்பு கம்பெனியை தொடங்கினார். பெரிய கம்பெனிகளோடு மோத கையில் பணம் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா?

எந்த கம்பெனி ஷாம்பாக இருந்தாலும் சரி, 5 காலி பாக்கெட் கொண்டு வந்தால் ஒரு சிக் ஷாம்பு இலவசம் என்று அறிவித்தார். ஜனங்கள் காலி பாக்கெட்டை பொறுக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்கள். பழகிய பிறகு, சிக் காலி பாக்கெட் கொண்டு வந்தால் மட்டும்தான் இலவசம் என்று மாற்றினார். விற்பனை எகிறியது. அந்த கம்பெனிதான் பிறகு கெவின்கேர் ஆனது.

இலவசமா கொடுத்து பழக்கிவிட்டு பிறகு விற்பது என்ற அந்த சூத்திரம்தான் இன்றைக்கு செல்போனிலும் ஓடுது.

கொலவெறியும் விமானமும்

சினிமாக்காரர்கள் இதை முதலில் பிடித்துக்கொண்டார்கள். 16-11-2011 அன்று '3' படத்தின் 'ஒய் திஸ் கொலவெறி டி' பாட்டு யூடியூபில் வெளியானது. ஆடம்பர செட் இல்லை, டான்ஸ் இல்லை. ஸ்டூடியோவில் தனுஷ் மைக் முன்னால் நின்று பாடுகிறார், அனிருத்தும் உடன் இருக்கிறார், அவ்வளவுதான். அந்த எளிமையே ஜனங்களுக்கு பிடித்துப்போனது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பி, தமிழ் தெரியாத ஊர்களிலும் பாட்டு பரவியது. பரப்பியவர்களுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. ரசிகர்களே சம்பளம் இல்லாத விளம்பர ஆட்கள் ஆனார்கள். ஆனால் 2012 மார்ச்சில் வந்த படம், பாட்டு ஓடிய அளவுக்கு ஓடவில்லை என்பது தனிக்கதை.

2016-ல் ரஜினியின் 'கபாலி' வந்தபோது ஏர் ஏசியா நிறுவனம் ஒரு விமானத்தின் மேலேயே ரஜினி படத்தை வரைந்தது. முதல் நாள் பெங்களூருவில் இருந்து சென்னைக்கு ரசிகர்களை தனி விமானத்தில் கூட்டி வந்தது. அந்த விமானத்தில் ஏறியவர்கள் கொஞ்சம் பேர்தான். போட்டோவை செல்போனில் பார்த்தவர்களுக்கு கணக்கே இல்லை. டிக்கெட் விற்றது படத்துக்கு, பெயர் கிடைத்தது விமான கம்பெனிக்கு.

புதுக்கோட்டை தாத்தா

காசும் சிபாரிசும் இல்லாமல் ஜெயித்தவர்களும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் 2018-ல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கினார்கள். வயல்வெளியில் அண்டா வைத்து சமைத்து, முதியோருக்கும் ஏழைகளுக்கும் சாப்பாடு போட்டார்கள்.

2021 ஜனவரியில் ராகுல்காந்தி வந்து அவர்களோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். அதே ஆண்டு ஜூலையில் ஒரு கோடி பேர் சேர்ந்த முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. கொரோனா நிவாரணத்துக்கு முதல்-அமைச்சரிடம் ரூ.10 லட்சம் கொடுத்தார்கள். 2022-ல் கமலின் 'விக்ரம்' படத்திலும் தலைகாட்டினார்கள்.

சரி, இவர்களுக்கு பணம் எப்படி வருது? வீடியோவுக்கு நடுவே விளம்பரம் ஓடுது இல்லையா, அதற்கு கம்பெனிகள் யூடியூபுக்கு பணம் கட்டுகின்றன. அதில் 100 ரூபாய் வந்தால் 55 ரூபாய் வீடியோ போட்டவருக்கு, 45 ரூபாய் யூடியூபுக்கு. குட்டி வீடியோக்களுக்கு கணக்கு வேறு. இந்த பங்கு கிடைக்க, ஆயிரம் பேர் சேனலில் சேர்ந்திருக்க வேண்டும். ஓராண்டில் மொத்தம் 4 ஆயிரம் மணி நேரம் ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் ஒரு தடவை பார்ப்பதால் வருவது பைசா கணக்குதான். லட்சம், கோடி பேர் பார்த்தால்தான் அது ரூபாய் ஆகும்.

வேஷம் போட்ட விளம்பரம்

நடுவே வரும் விளம்பரம் ஆட்டோ மைக் மாதிரி. விளம்பரம் என்று தெரியும். சிக்கல் இன்னொரு வகையில்தான்.

நமக்கு பிடித்த காமெடி பையன், "நான் இந்த எண்ணெய்தான் தேய்க்கிறேன், முடி கொட்டறது நின்னுடுச்சு" என்று பேச்சோடு பேச்சாக சொல்வார். "இந்த ஆப்புல போட்ட ஆயிரம் பத்தாயிரம் ஆச்சு" என்பார். பக்கத்து வீட்டு தம்பி சொல்ற மாதிரி இருக்கும். அதற்கு அவர் கம்பெனியிடம் பணம் வாங்கியிருப்பார். அது நமக்கு தெரியாது. நம்பி கட்டுவது நம்ம கூலிக்காசு.

இதற்காகத்தான் மத்திய அரசு 2023 ஜனவரியில் விதிமுறை வெளியிட்டது. பணமோ, ஓசி பொருளோ, ஓசி டூரோ வாங்கிக்கொண்டு பேசினால், 'இது விளம்பரம்' என்று வீடியோவிலேயே தெளிவாக சொல்ல வேண்டும். கீழே கண்ணுக்கு தெரியாத எழுத்தில் ஒளித்து வைக்கக்கூடாது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி ரூ.10 லட்சம் வரை அபராதம். திரும்ப செய்தால் ரூ.50 லட்சம் வரை. விளம்பரத்தில் தலைகாட்ட ஓராண்டு வரை, திரும்ப செய்தால் 3 ஆண்டு வரை தடையும் போடலாம்.

காசு கட்டும் ஆன்லைன் சூதாட்டங்களையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றியது. விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை ஜெயில், ரூ.50 லட்சம் வரை அபராதம் என்று அதில் உள்ளது.

விளம்பரம் பார்த்தால் பணமா?

இதெல்லாம் போக, விளம்பரம் பார்த்தாலே நமக்கு பணம் தருகிறோம் என்றும் ஆள் சேர்த்தார்கள். கோவையில் 'மைவி3 ஆட்ஸ்' என்ற நிறுவனம், செல்போனில் விளம்பரம் பார்த்தால் வருமானம் என்றது. கட்டும் தொகைக்கு ஏற்ப தினசரி பணம் கூடும். மேல் மட்டத்தில் சேர ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும்.

2024 ஜனவரியில் போலீசார் வழக்குப்பதிவு செய்தனர். 29-1-2024 அன்று கோவை நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அவர்கள் வந்தது நிறுவனத்துக்கு ஆதரவாக. கட்டிய பணம் முடங்கிவிடுமோ என்ற பயம் யாரைத்தான் விட்டது?

வழக்கை கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். நாம் பார்க்க வேண்டியது கணக்கை. ஒரு விளம்பரத்தை ஒருவர் பார்த்தால் பைசா கணக்கில்தான் வருமானம் வரும் என்று மேலே பார்த்தோம். அப்படி இருக்க, தினம் நூற்றுக்கணக்கில் ஒருவருக்கு தர விளம்பரப்பணம் எங்கே கட்டுப்படியாகும்? இந்த ஒரு கேள்வியை கேட்டாலே போதும், பாதி பேர் தப்பித்துவிடலாம்.

நாமும் செய்யலாம்

இந்த செல்போன் நமக்கும் உதவும். கல்வராயன்மலையில் மேகம் அருவி, பெரியார் அருவி வீடியோக்களை பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். மலைத்தேன் எடுப்பவர், மரவள்ளி போட்டவர், களமருதூரில் பலகாரம் போடும் அக்கா, யாராக இருந்தாலும் தொழிலை உள்ளபடி எடுத்துக் காட்டினால் நாலு பேருக்கு தெரியும். புதுக்கோட்டை தாத்தா ஜெயித்தது அந்த நிஜத்தால்தான்.

ஆனால், 'பணம் கட்டு, உன் வீடியோவை லட்சம் பேரை பார்க்க வைக்கிறேன்' என்று வருபவரிடம் ஏமாறக்கூடாது.

எதையும் வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்க. இதை சொல்ல இவர் காசு வாங்கினாரா? பொருளில் கம்பெனி முகவரி, தயாரித்த தேதி இருக்கா? முன்பணம் கட்டச்சொல்றாங்களா?

ஏமாற்று விளம்பரம் பற்றி நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு. நாளைக்கு பார்க்கலாம் என்று படுத்துவிட்டால், காலையில் பணம் பத்து கணக்கு தாண்டி போயிருக்கும்.