மனித உடல் வெப்ப எந்திரமா? – ஒரு வெப்ப இயக்கவியல் நோக்கு

முன்னுரை

உணவை எரிபொருளாகவும் உடலை எந்திரமாகவும் உவமித்தல் பெருவழக்கு. மூச்சுவிடுதலும் மெதுவான எரிதலே என 1783இல் லவாய்சியரும் லாப்லாசும் கூறியது இவ்வுவமைக்கு வலுச்சேர்த்தது. அஃது எதுவரை பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உவமையின் எல்லை

முதல் விதியின்படி உவமை பொருந்துகிறது; உணவின் ஆற்றல் வெப்பம், வேலை, சேமிப்பு என முழுமையாகக் கணக்கில் வந்துவிடுகிறது. இரண்டாம் விதியில்தான் அது பிறழ்கிறது. வெப்ப எந்திரம் வெப்பநிலை வேறுபாட்டால் இயங்குவது. உடலின் உள்வெப்பநிலை 310 கெல்வின், சுற்றுப்புறம் 298 கெல்வின் எனக் கொண்டால், கார்னோ வரம்பின்படி உச்சப் பயனுறுதிறன் 4 விழுக்காட்டிற்கும் குறைவே. மிதிவண்டி மிதிப்பவரோ ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு வரை எட்டுகிறார். சுற்றுப்புறமும் 310 கெல்வின் ஆயின் அத்தகைய எந்திரம் நின்றுவிடும். மனிதர் கடுங்கோடையிலும் உழைக்கின்றனர்.

ஆகவே, தசையை இயக்குவது வேதியாற்றலே. ஒரு மோல் குளுக்கோஸ் ஆக்சிஜனேற்றம் அடைகையில் கிடைக்கும் சுமார் 2870 கிலோஜூல் கட்டிலா ஆற்றலின் ஒரு பகுதியை ஏ.டி.பி. மூலக்கூறுகள் ஏற்று, மாறா வெப்பநிலையிலேயே தசைக்கு அளிக்கின்றன. எஞ்சியது வெப்பமாகிறது.

முடிவுரை

உடல்வெப்பம் உழைப்பின் காரணம் அன்று; அதன் விளைவு. வியர்வை ஆவியாகி அவ்வெப்பம் வெளியேறாவிடில் உழைப்பவரின் உயிருக்கே ஊறு நேரும். எனவே, ‘கலோரியை எரித்தல்’ என்னும் தொடரை ஆற்றல் கணக்கீட்டளவில் மட்டும் கொள்வதே தகும்.