வரைவதும் அழிப்பதும் படிப்புத்தான்

மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக் கதைகளுக்குள், மங்கா வரையப் பழகும் மாணவர்களைப் பற்றியே பேசும் ஒரு தனிக் கிளை உண்டு. ஹன்சாவா கவோரி 2014இல் தொடங்கிய ‘காமிக் கேர்ள்ஸ்’ அதில் கலகலப்பான ஒன்று. கவோருகோ என்ற பாடசாலை மாணவியின் படைப்பு வாசகர் கருத்துக்கணிப்பில் கடைசி இடத்துக்குத் தள்ளப்படுகிறது. பத்திரிகை ஆசிரியையின் யோசனைப்படி அவள் இளம் வரைஞர்கள் தங்கும் விடுதியில் சேர்கிறாள். அங்கே கெடு நெருங்கினால் தோழியர் எல்லோருமாக உட்கார்ந்து வேலையை முடிக்கிறார்கள். ஏற்கப்படாத கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். சிரிக்க வைப்பதற்காக எழுதப்பட்ட கதைதான். ஆனாலும் அது ஓர் உண்மையை அழுத்தமாகச் சொல்கிறது: கதை சொல்லும் திறமை திருத்தத் திருத்தத்தான் வளரும், அதற்குக் கூட்டாளிகளும் வேண்டும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான நமது கரையோரப் பாடசாலைகள் சித்திரக் கதையை ஒரு பயிற்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

இந்தக் கிளையின் மூத்த படைப்பு, 1970இல் தொடராகத் தொடங்கிய ‘மங்கா மிச்சி’. அதை வரைந்தவர் அபிகோ மோத்தோ. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த ‘டோராமோன்’ பாத்திரத்தைப் படைத்த புஜிமோத்தோ ஹிரோஷியின் பாடசாலைத் தோழர் அவர். ஹிமி என்ற மீன்பிடி ஊரில், ஒரு பௌத்த ஆலயக் குடும்பத்தில் பிறந்தவர். 1947இல் வெளிவந்த தெசுகா ஒசாமுவின் ‘புதிய புதையல் தீவு’ இந்த இரு சிறுவரையும் ஆட்கொண்டது. 1951இல், பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தபோதே அவர்களின் முதல் தொடர் சிறுவர் பத்திரிகை ஒன்றில் வந்தது. 1954இல் தோக்கியோ போனார்கள். மறு வருடமே, விடுமுறைக்கு ஊர் போன இடத்தில் கெடுக்களைத் தவறவிட்டுப் பல தொடர்களை இழந்தார்கள். அந்தச் சறுக்கலையும் அபிகோ தன் கதையில் மறைக்காமல் வரைந்திருக்கிறார். தலைநகருக்குத் தொலைவில் இருந்த இரண்டு சிறுவரை வரைஞர்களாக்கியவை ஒரு நல்ல நூலும், ஒரு தோழமையும், மாணவர் வேலையை அச்சேற்ற முன்வந்த பத்திரிகையும்தான். இவற்றில் எதுவும் நமக்கு எட்டாத பொருளல்ல.

இந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். மங்கா வரைஞர் மையைத் தொடுவதற்கு முன் முழுக் கதையையும் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கிறுக்கிப் பார்க்கிறார். எந்தக் கட்டம் பெரிது, யார் எங்கே நிற்கிறார், வசனம் எவ்வளவு என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். ஆசிரியர் திருப்பி அனுப்புவதும் பெரும்பாலும் இந்தக் கிறுக்கலைத்தான். நான்கு கட்டக் கதையென்றால் தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு என்பதே வழக்கமான அமைப்பு. கரைவலை இழுப்பதை ஒரு மாணவி வரைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கிறுக்கலில் ஒருவர் வாயில் “சரியான பாரம்!” என்று எழுதுவாள். பக்கத்தில் இருக்கும் தோழி, “பாரத்தை எழுதாமல் காட்டு” என்பாள். அழித்துவிட்டு, மணலுக்குள் புதைந்த குதிகால்களையும் பின்னால் சாய்ந்த முதுகுகளையும் வரைவாள். வசனம் தேவைப்படாமல் போகும். மூன்றாம் கட்டத்தில் வலையின் மடி கரையேறும். நான்காவதில் அதற்குள் என்ன இருந்தது என்று தெரியவரும். எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவள் இப்படி யோசித்தது கட்டுரை எழுதும்போதும் கைகொடுக்கும்.

புலமைப் பரிசிலும் ஓ.எல்.லும் தலைக்கு மேல் நிற்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சித்திரம் ஏற்கெனவே நமது பாடவிதானத்தில் இருக்கிறது. தமிழில் கட்டுரையும் எழுதுகிறோம். இரண்டையும் ஒரே மேசையில் சேர்ப்பதற்குப் புதிதாக ஒரு பாடம் தேவையில்லை. ஜப்பானின் சிக்கோக்கு தீவில் கடலோர மாகாணமான கொச்சியில், 1992 முதல் உயர்நிலைப் பாடசாலைகளுக்கான மங்காப் போட்டி நடக்கிறது. கொடுக்கப்பட்ட தலைப்புக்கு, குறித்த நேரத்துக்குள், மாணவர் குழுவாகச் சேர்ந்து வரைய வேண்டும். அங்கே திறமையோடு நேர ஒழுங்கும் கூட்டு உழைப்பும் சோதிக்கப்படுகின்றன. பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைக்கு இவை வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

உருவம் வரைவது மார்க்கத்துக்கு உகந்ததா என்ற கேள்வி இன்னும் பாரதூரமானது. நமது ஊர்களில் அது உண்மையான அக்கறையோடு கேட்கப்படுகிறது. ஆலிம்களிடையே இதில் ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் உண்டு; தீர்ப்புச் சொல்லும் இடம் பத்திரிகைக் கட்டுரை அல்ல. ஆனால் முகம் வரையத் தயங்கும் பிள்ளைக்கும் இக்கலையில் நிறைய இடம் இருக்கிறது. மருதமுனைத் தறி, தோணி, வயல், கடை வீதி ஆகியவற்றை வைத்தே ஒரு நாளின் கதையைச் சொல்லலாம். முஸ்லிம் வாழ்வை இக்கலையில் சொன்ன முன்மாதிரியும் உண்டு. மலேசியாவின் லாட் 13 வயதில், 1964இல், தன் முதல் சித்திரக் கதையை வெளியிட்டவர். 1979இல் வந்த அவரது ‘கம்போங் பாய்’, பேராக் மாநிலக் கிராமத்து முஸ்லிம் சிறுவனின் வாழ்வை, குர்ஆன் ஓதப் போவது, கத்னா வைபவம் உட்பட, அன்பும் நகைச்சுவையுமாகச் சொல்லி உலகமெங்கும் வாசிக்கப்பட்டது. மங்கா அந்நியப் பொருள் என்பாரும் உண்டு. மங்காவில் பிள்ளைகளுக்குப் பொருந்தாதவையும் இருக்கின்றன. அவற்றைத் தள்ளிவிட்டுப் பயிற்சி முறையை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்குத் தெரியும். வலமிருந்து இடமாக ஓடும் அதன் பக்கங்களும் அறபுத் தமிழில் நூல்கள் எழுதிய சமூகத்துக்குப் புதினமாக இராது.

ஆகவே, தமிழ்த் தினப் போட்டிகளுக்கு ஆயத்தமாகும் பாடசாலைகள், வகுப்புக்கு ஒரு கையெழுத்துச் சஞ்சிகையில் நான்கு கட்டக் கதைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கட்டும். தமிழாசிரியரும் சித்திர ஆசிரியரும் சேர்ந்து அதைப் பார்க்கட்டும். முதல் கிறுக்கலுக்குப் புள்ளி போடாமல் மூன்றாவது திருத்தத்துக்குப் போடட்டும். 2004 சுனாமியில் 10,000க்கும் மேற்பட்டோரை இழந்த மாவட்டம் நமது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் தங்கள் ஊரின் துயரத்தையும் சிரிப்பையும் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்து, தாங்களே சொல்லப் பழக வேண்டும். அதற்குப் பென்சிலும் அழிறப்பரும், திருத்திச் சொல்ல ஒரு தோழியும் போதும். நேரம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.