கோளாறு கண்ணில் இல்லை

கும்பகோணத்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பக்கவாதத்திலிருந்து தேறிய அவருடைய அப்பா, வலப்பக்கம் வருகிறவர்கள் மேல் மோதுகிறாராம். பேப்பர் படிப்பதையே விட்டுவிட்டாராம். கண்ணாடி மாற்றியும் பயனில்லை.

கண்ணாடி என்ன செய்யும், பாவம்! கோளாறு பிடரிப் பக்கத்து மூளையில். இடப்புறம் அங்கே ரத்தம் தடைபட்டால் இரண்டு கண்ணுக்குமே வலப்பாதிக் காட்சி போய்விடும். படிக்கையில் அடுத்த சொல் வலப்புறமிருந்துதானே வரவேண்டும்?

போன பாதி முழுசாகப் போய்விடுவதில்லை என்பதுதான் விசித்திரம். முதல் உலகப் போரில் தலையில் அடிபட்ட சிப்பாய்களைச் சோதித்த ஜார்ஜ் ரிடாக், தெரியாத பக்கத்திலும் அசைவை மட்டும் சிலர் உணர்வதை 1917இல் எழுதினார். 1970களில் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் ஆராய்ந்த நோயாளி ஒருவர், "ஒன்றும் தெரியவில்லை" என்றுகொண்டே வெளிச்சம் வந்த இடத்தைப் பெரும்பாலும் சரியாகச் சுட்டினார். 2008இல் வெளியான ஆய்வு இன்னும் வேடிக்கை. இரண்டு பக்கவாதங்களில் இருபுறப் பார்வை மூளையும் அழிந்துபோன ஒருவர், பெட்டியும் நாற்காலியும் கிடந்த நடைவழியில் கைத்தடி இல்லாமல் நடந்தார். எதிலும் இடிக்கவில்லை, விலகி நடந்தது அவருக்கே தெரியாது!

எங்கள் ஊரில் ஆற்றுப்பாலம் உடைந்தால் பஸ் வராது; பால்காரர் சைக்கிள் மட்டும் எப்படியோ வரப்பு வழியே வந்துவிடும். கண்ணிலிருந்து மூளைக்கும் அப்படிச் சில வரப்புகள் உண்டு.

அவற்றைப் பழக்க முடியுமா? அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கிறிஸ்டெல் ஹக்ஸ்லின் குழு, தெரியாத பக்கத்தில் புள்ளிகளை ஓடவிட்டு, எந்தத் திசை என்று தினமும் மாதக்கணக்கில் சொல்லவைக்கிறது. ஓரப்பகுதியில் கொஞ்சம் பார்வை மீள்கிறது. முதல் மூன்று மாதங்களுக்குள் தொடங்கியவர்கள் வேகமாகத் தேறினார்கள். இழந்த பாதி முழுவதும் வந்துவிடும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

ஆனால் அந்த மூன்று மாதத்தை நாம் என்ன செய்கிறோம்? கைகாலுக்கு உடனே பிசியோதெரபி, பார்வையைக் கேட்பாரில்லை. நோயாளியை நேரே பார்க்கச் சொல்லி இருபுறமும் விரலை ஆட்டிக் காட்டினால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அதற்குக்கூட நேரமில்லையா?

அப்பாவுக்கு இப்போதும் வழியிருக்கிறது. தெரியாத பக்கத்துக்குக் கண்ணை வேண்டுமென்றே வீசிப் பார்க்கும் பயிற்சியும், திரையில் வலமிருந்து இடமாக நகரும் எழுத்தைப் படிக்கும் பயிற்சியும் உண்டு. பேப்பரைப் பக்கவாட்டில் திருப்பி மேலிருந்து கீழாகப் படிப்பதும் சிலருக்குக் கைகொடுக்கும். கண் டாக்டரிடம் பார்வைப்புலச் சோதனை என்று கேட்டுச் செய்யுங்கள். டாக்டர் சரி என்கிறவரை ஸ்கூட்டர் சாவியை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள், எவ்வளவு கோபித்துக்கொண்டாலும்.