கல்லுக்கும் பதம் உண்டு

பல்லாவரத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘எங்கள் ஊர்க் கருங்கல்லில் துளி வெளிச்சம் நுழையாது. அதை எப்படி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள்?’

வெளிச்சம் நுழையும் வரை தேய்த்துத்தான். வைர ரம்பத்தில் ஒரு சில்லை அறுத்து, ஒரு பக்கத்தைச் சமமாக்கி, கண்ணாடித் தகட்டில் எபாக்ஸி பசையால் ஒட்டுவார்கள். மறுபக்கத்தைக் கார்போரண்டம் தூளும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துக்கொண்டே போய், 0.03 மில்லிமீட்டர் தடிமனுள்ள சீவலானதும் நிறுத்துவார்கள். இரும்புத்தாது போன்ற சில கனிமங்கள் அப்போதும் கறுப்புதான். மற்றவை ஒளியை விட்டுவிடும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹென்றி சோர்பி இப்படித் தேய்த்தபோது, மலையை ஆராய மைக்ரோஸ்கோப்பா என்று சிரித்தார்கள்.

0.03 வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? கல்லே சொல்லும். இரண்டு போலராய்டு தகடுகளைக் குறுக்காக வைத்தால் வெளிச்சம் அடைபடும். நடுவில் ஸ்லைடை நுழைத்தால் கனிமங்கள் நிறம் காட்டும். எந்த நிறம் என்பது கனிமத்தோடு தடிமனையும் பொறுத்தது. சீவல் தடித்திருந்தால் குவார்ட்ஸ் மணிகளில் மஞ்சளும் சிவப்பும் தெரியும். தேயத் தேய அது வெளிறி, வெண்சாம்பலுக்கு வரும். அங்கே கையை எடுத்துவிட வேண்டும். அம்மா அதிரசப் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டிப் பார்த்துப் பதம் சொல்வாரே, அதே வித்தைதான். பாகு முறுகினால் தண்ணீர் தெளித்துச் சமாளிக்கலாம். கல் கூடத் தேய்ந்தால் போனது போனதுதான்.

வாசகரின் ஊர்க் கல் சாதாரணக் கல் அல்ல. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் கிடப்பது அந்தப் பக்கத்துக் கல்தான். 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அதை ஆராய்ந்து எழுதினார். சார்னாக்கின் பெயரால் அது சார்னோகைட் ஆனது. அதிலுள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமத்தை ஒற்றைப் போலராய்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பின் மேடையைச் சுழற்றினால், இளஞ்சிவப்பு பச்சையாக மாறும்.

இத்தனையும் சீவல் தேய்ப்பவரின் விரல் நுனியில் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் இருந்தால் கடைசியில், நன்றி வரியில். பல லட்சத்துக்கு மைக்ரோஸ்கோப் வாங்கும் கல்லூரிகள், தேய்ப்பவர் ஓய்வுபெற்றால் அந்த இடத்தை நிரப்புவதில்லை. அறுத்தபின் மிஞ்சும் துண்டையாவது எண் எழுதிப் பத்திரப்படுத்தலாம். ஸ்லைடு உடைந்தால் அதிலிருந்துதான் இன்னொன்று எடுக்க முடியும். அதையும் குப்பையில் போடுகிறார்கள்.