படம் காத்திருக்கும், நேரலை காத்திருக்காது!

  

நம் ஊர் கலையரங்கத்தில் இனிமேல் படமும் நேரலையும் காட்டப் போகிறார்கள் என்று திங்கட்கிழமை பிரேயரில் தலைமை ஆசிரியர் அறிவித்தார். அன்றைக்கு மதியம் சத்துணவு வரிசையில் எல்லோர் வாயிலும் இதே பேச்சுதான். "விஜய் படம் போடுவாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். "நேரலைன்னா என்னக்கா, அதுவும் டிவிதானே?" என்று ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன் கேட்டான். எனக்கும் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் அறிவியல் டீச்சரிடமும் எங்கள் ஆயாவிடமும் கேட்டும், நூலகத்தில் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தயவுசெய்து அதுவரை படியுங்கள்.

என்னென்ன காட்டப் போகிறார்கள்?

மொத்தம் மூன்று நிகழ்ச்சிகள். முதலாவது, 'சிவப்பு பலூன்' என்ற பிரெஞ்சுப் படம். இரண்டாவது, சார்லி சாப்ளின் நடித்த 'தி கிட்'. இவை இரண்டும் இந்த மாதமும் அடுத்த மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு. மூன்றாவது, ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து இஸ்ரோ ராக்கெட் ஏவுவதை நேரலையில் பார்ப்பது. இதற்கு இன்னும் தேதி இல்லை. அதை இஸ்ரோதான் சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு ஏவும் ராக்கெட் எது வருகிறதோ அதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

ஏன் எல்லாமே மாலையில்? கலையரங்கத்துக்கு மேலே கூரை இருக்கிறது, முன்பக்கம் திறந்த வெளி. ப்ரொஜக்டர் வெளிச்சத்தால்தான் படம் வரைகிறது. கறுப்பு என்று ஒரு நிறத்தை அதனால் போட முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் திரையில் கறுப்பு. பகலில் துணி முழுக்க வெயில் வெளிச்சம் விழுந்தால் கறுப்பே இருக்காது, படமும் தெரியாது.

ஏன் பழைய படங்கள்?

'சிவப்பு பலூன்' 1956-இல் வந்தது. 34 நிமிடம்தான் ஓடும். இயக்கியவர் ஆல்பர்ட் லமோரிஸ். பாரிஸ் நகரத் தெருவில் ஒரு பையன் பின்னாலேயே ஒரு பலூன் நாய்க்குட்டி மாதிரி வரும். அந்தப் பையனாக நடித்தது அவருடைய சொந்த மகன் பாஸ்கல். படத்தில் பேச்சு மிகக் குறைவு. ஆனாலும் கதை எழுதியதற்கு ஆஸ்கர் விருது கிடைத்தது! 'தி கிட்' 1921-இல் வந்த ஊமைப் படம். நூறு வயது தாண்டிவிட்டது.

இவற்றைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணம். ஒன்று சட்டம். புதுப் படத்தைப் போனில் இறக்கி ஊருக்கே போட்டுக் காட்டக் கூடாது, அதற்கு உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். நம் நாட்டில் படம் வெளியாகி 60 ஆண்டு முடிந்தால் அந்த உரிமைக் காலம் முடிந்துவிடும்.

இன்னொன்று மொழி. நம் வகுப்பையே எண்ணிப் பாருங்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் எத்தனை பேர், கன்னடம் பேசுகிறவர்கள் எத்தனை பேர்! அப்பா அம்மா ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்ததால் நம்மோடு படிக்கும் வடநாட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பேசும் படம் என்றால் யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பேச்சில்லாத படத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் சிரிக்கலாம்.

படம் எப்படி ஓடுகிறது?

படம் ஓடவே இல்லை என்பதுதான் உண்மை! ஒரு வினாடிக்கு 24 புகைப்படங்களை அடுத்தடுத்துக் காட்டுகிறார்கள். நம் கண்ணும் மூளையும் அவற்றைச் சேர்த்து அசைவாக எடுத்துக்கொள்கின்றன. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 34 நிமிடம் × 60 வினாடி × 24 = 48,960. அந்தச் சின்னப் படத்துக்கே ஏறக்குறைய 49 ஆயிரம் புகைப்படங்கள்.

பாரிசில் லூமியர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குப் படம் காட்டினார்கள். அதற்குப் பத்தே ஆண்டில், 1905-இல், நம் தமிழ்நாட்டில் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர் அதைக் கையில் எடுத்தார். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஒரு பிரெஞ்சுக்காரரிடம் இருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். பிறகு கோயம்புத்தூரில் நிரந்தரமாகக் கொட்டகையும் கட்டினார்.

எங்கள் ஆயா சின்ன வயதில் டூரிங் கொட்டாயில் படம் பார்த்தவர். "மணலைக் குவிச்சு மேல உக்காந்துக்குவோம். முன்னாடி இருக்கறவ எழுந்தா கத்துவோம். படம் நல்லா இருந்தா மறுநாளும் போவோம்" என்று சொல்வார். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். மறுநாளும் அதே படம் இருக்கும். படம் நமக்காகக் காத்திருக்கும்.

நேரலை என்றால் என்ன?

நடக்கும்போதே பார்ப்பது நேரலை. ஸ்ரீஹரிகோட்டாவில் கேமரா பிடிக்கும் காட்சி மின்காந்த அலையாக மாறிச் செயற்கைக்கோளுக்குப் போகிறது. அது பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் இருக்கிறது. பூமி ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்று சுற்றுவதால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பது மாதிரி இருக்கும். அதனால்தான் நம் வீட்டு மாடியில் உள்ள டிஷ் எப்போதும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மேலே போக 36,000, கீழே வர 36,000, மொத்தம் 72,000 கிலோமீட்டர். அலையின் வேகம் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். அப்படியானால் கால் வினாடிதான்! ஆனால் போனில் இணையம் வழியாகப் பார்த்தால் காட்சியைத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு காட்டுவதால் பல வினாடிகள் பிந்தும். கிரிக்கெட் மேட்ச் அன்று பக்கத்து வீட்டு டிவிக்காரர்கள் "அவுட்!" என்று கத்திய பிறகுதான் உங்கள் போனில் பவுலர் ஓடி வருவார், பார்த்திருக்கிறீர்களா? காரணம் இதுதான். அதனால் நேரலைக்கு இணையத்தை நம்பாமல், மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வைத்துக் காட்டலாம் என்று டீச்சர் சொன்னார். பலத்த மழை பெய்தால் மட்டும் சிக்னல் கெடும்.

நேரலையில் இன்னொன்றும் உண்டு. என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடம் இருக்கும்போது நிறுத்திவிட்டார்கள். ஜூலை 22 அன்றுதான் கிளம்பியது. ஆகவே நாம் பாய் விரித்து உட்கார்ந்த பிறகும் "இன்றைக்கு இல்லை" என்று சொல்லக் கூடும். அதற்கும் தயாராக வாருங்கள்.

<b>தெரியுமா உங்களுக்கு?</b>
1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு காலம், செயற்கைக்கோள் வழியாக 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். பக்கத்துக் கர்நாடகக் கிராமங்களும் அதில் உண்டு. பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊராருக்கு. ஆண்டெனா கோழிவலைக் கம்பியால் செய்தது! அதே 1975-இல் ஆகஸ்ட் 15 அன்றுதான் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது.

என் கதை

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை. சந்திரயான்-3 நிலாவில் இறங்கும் நாள். பள்ளியில் மாலை நேரலை காட்டுவதாகச் சொன்னார்கள். நான் அதற்கு முன் ஒரு வாரமாக நோட்டில் நிலா படம் வரைந்து ஒட்டி வைத்திருந்தேன். விக்ரம் லேண்டர் இறங்கும் நேரம் மாலை 6.04.

எங்கள் கொட்டாய் பள்ளியில் இருந்து மூன்று கிலோமீட்டர். டவுன் பஸ் 4.45-க்கு. அதை விட்டால் நடக்க வேண்டும். சைக்கிள் வைத்திருந்த பையன்கள் இருந்தார்கள். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். கொட்டாய்ப் பெண்கள் ஒன்பது பேரும் பஸ் ஏறினோம். "பொட்டப்புள்ளைங்க இருட்டுல நடந்து வரக் கூடாது" என்பது வீட்டுச் சட்டம். எங்கள் வீட்டு டிவி அப்போது ரிப்பேர். போன் அம்மாவிடம். அம்மா ஓசூரில் ஷிஃப்டில். 6.04-க்கு நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். இரவு எட்டரைக்கு அம்மா கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி, "நிலாவுல எறங்கிடுச்சாம்டி" என்றார்.

மறுநாள் பையன்கள் சொன்னார்கள். காட்டியது நிலாவின் படம்கூட இல்லையாம். பெங்களூருவில் உள்ள இஸ்ரோ கட்டுப்பாட்டு அறையில் ஒரு கோடு மெதுவாக இறங்கியதாம். பக்கத்தில் எண்கள் குறைந்துகொண்டே வந்தனவாம். விஞ்ஞானிகள் மூச்சுவிடாமல் பார்த்தார்களாம். கடைசியில் எல்லோரும் எழுந்து கத்தினார்களாம். "சார் அழுதுட்டாரு தெரியுமா?" என்றான் ஒருவன். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று சார் அன்றைக்குச் சொன்னாராம்.

பிறகு அம்மா போனில் நானும் பார்த்தேன். அதே கோடு, அதே எண், அதே கைதட்டல். ஆனால் இறங்கிவிடும் என்று எனக்கு முன்பே தெரியும். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது மாதிரி இருந்தது. யார் மேலும் நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த 19 நிமிடம் இறங்குவதைப் பயந்துகொண்டே பார்க்கும் வாய்ப்பு எனக்குத் திரும்பக் கிடைக்காது.

கூத்து மட்டும் எப்படி?

இதை ஆயாவிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் ஒரு கேள்வி கேட்டார். "பாரதக் கூத்துக்கு மட்டும் விடிய விடிய உக்காந்திருக்கயே, அப்ப இருட்டு இல்லயா?"

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான்! திரௌபதி அம்மன் திருவிழாவில் தெருக்கூத்து இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியற்காலைதான் முடியும். அர்ச்சுனன் தபசு அன்று உயரமான மரத்தின் மேல் வேஷக்காரர் ஏறும்போது வழுக்கிவிடுமோ என்று எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வோம். அதுவும் நேரலைதான். நமக்கு நேரலை புதிதே இல்லை. அங்கே எந்த வீட்டிலும் பெண்பிள்ளையைத் தடுப்பதில்லை. ஏனென்றால் அம்மா, ஆயா, அத்தை, பெரியம்மா எல்லோரும் அங்கேயேதான் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்பும்போது கொட்டாயே ஒன்றாக நடந்து வரும்.

அப்படியென்றால் தடை இருட்டு இல்லை. தனியாக வருவதுதான் தடை.

என் வேண்டுகோள்

ஒன்று: கலையரங்க நிகழ்ச்சி மாணவர்களுக்கு மட்டும் என்று வைக்காமல் வீட்டுப் பெண்களையும் அழைக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசும்படி தலைமை ஆசிரியரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு: இஸ்ரோ தேதி சொன்ன அன்றே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். ஷிஃப்டுக்குப் போகும் அம்மாக்கள் முன்கூட்டியே கேட்டு மாற்றிக்கொள்ள முடியும். எங்கள் அம்மா, "தேதி தெரிஞ்சா கேட்டுப் பாக்கறேன், கிடைக்கும்னு சொல்ல முடியாது" என்றார். கிடைக்காவிட்டால் ஆயா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்று: முடிந்ததும் கொட்டாய் வாரியாகச் சேர்ந்து கிளம்ப வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு டார்ச் லைட் போதும். எங்கள் கொட்டாய்க்கு நான் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டேன். இதுவரை ஏழு பெண்கள், நான்கு அம்மாக்கள், ஒரு ஆயா.

படத்துக்கு வர முடியாதவர்களுக்கு மறுநாள் பள்ளியில் ஜன்னலைத் துணியால் மூடி மறுபடி காட்டலாம். ராக்கெட்டை மறுபடி ஏவச் சொல்ல முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமை படங்களுக்கே எல்லோரையும் அழைத்து வந்து பழக்குவோம். நேரலை வரும்போது யாரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போக வேண்டியிருக்காது.

வரும்போது பாய் கொண்டு வாருங்கள். படம் ஓடும்போது போன் லைட் அடிக்காதீர்கள். முன்னால் எழுந்து நின்றால் ஆயா கத்துவார், சொல்லிவிட்டேன்!

 

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி