துருப்பிடித்த முன்தாங்கியை மாற்றுதல்

இரும்பு வலிது என்பது உலகவழக்கு. ஆயின் அவ்விரும்பைத் தின்னும் துரு அதனினும் வலிது என்பதனைப் பலர் எண்ணுவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள கூடலூரினின்று குமுளிக்குச் செல்வார், மலையடிவாரத்தே லோயர் கேம்ப் மின்னிலையத்தையும், தேக்கடி ஏரியின் நீரை மலைமேலிருந்து இறக்கும் பெருங்குழாய்களையும் காண்பர். அத்தகைய குழாய்களுக்கு வண்ணம் பூசுவது அழகின் பொருட்டன்று. நீரும் காற்றும் இரும்பைத் தீண்டாவாறு காத்தற்பொருட்டேயாம். அவ்வழியே மலையேறும் பழைய மோட்டார் வண்டிகளின் அடிப்பாகத்துக்கு இக்காவல் உண்டோ என வினவுவார் மிகச் சிலர். அவ்வினாவை எம் உள்ளத்தில் எழுப்பிய நிகழ்ச்சி ஒன்றனை முன்னிட்டு இதனை வரைகின்றோம்.

கூடலூரில் திராட்சைத் தோட்டமுடைய எம் நண்பர் ஒருவர், 2004-ஆம் ஆண்டின் சான்ட்ரோ வண்டியொன்றைக் கடற்கரை ஊர் ஒன்றில் விலைக்கு வாங்கியிருந்தார். விற்றவர் அடிப்பாகம் முழுதும் கருவண்ணம் பூசிப் புதிதுபோலத் தோன்றச் செய்திருந்தார். வாரந்தோறும் மனைவி மக்களுடன் அதில் மலையேறி இறங்குவது நண்பரின் வழக்கம். சில மாதங்களில், இறக்கத்திலே பிரேக்கை மிதிக்குந்தோறும் முன்பக்கத்தில் ‘டொக்’ என்றொரு ஒலி கேட்கலாயிற்று. வண்டியும் இடப்பக்கம் இழுத்தது. பட்டறையில் அதனைத் தூக்கி நிறுத்திய மெக்கானிக், சிறு சுத்தியலால் அடிச்சட்டத்தைத் தட்டினார். நல்ல இடத்தில் கணீரென்ற ஒலியும், ஓரிடத்தில் மொத்தென்ற ஒலியும் எழுந்தன. மொத்தென்ற இடத்தில் ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து அழுத்தவே, அஃது அப்பளத்தைத் துளைப்பதுபோல உள்ளே சென்றது. உடன் நின்ற யாம் திடுக்கிட்டோம்.

முன்தாங்கி யாது?

பழங்காலத்து மோட்டார் வண்டிகளும் ஜீப்புகளும் ஏணி போன்ற கனத்த சட்டமொன்றன்மேல் அமைந்தவை. அம்பாசடர், பத்மினி முதலிய வண்டிகளில் அவ்வேணி நீங்கி, தகட்டால் ஆகிய உடலே சுமை தாங்குவதாயிற்று. எஞ்சினும் முன்சக்கரங்களும் தரும் அதிர்ச்சியை மெல்லிய உடற்றகடு நேரே ஏற்றல் அரிது. ஆதலின் பல வண்டிகளில் அவ்விடத்தே தனியானதோர் இரும்புச் சட்டத்தைச் செய்து, போல்ட்டுகளால் உடலின் அடியில் முடுக்கினர். இதனை நூல்கள் சப்-பிரேம் என்னும். எம்மூர்ப் பட்டறைக்காரர் கிராஸ் மெம்பர் என்பர். யாம் இங்கு முன்தாங்கி என்போம். 1959-இல் இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த மினி என்னும் சிறுவண்டி, முன்னும் பின்னும் இத்தகைய சட்டங்களை உடையது. அவற்றுள் பின்சட்டம் துருவுக்கு இரையாவது அந்நாட்டார் நன்கறிந்த செய்தி.

எஞ்சின் தாங்கிகளுள் ஒன்றும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் இரண்டும், பல வண்டிகளில் ஸ்டீயரிங் ராக்கும் இம்முன்தாங்கியைப் பற்றியே நிற்பன. வண்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது. சாலை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகின்றது. அத்தள்ளலை ஆர்ம் வாயிலாக ஏற்பது முன்தாங்கியே. ஆர்ம் பொருந்திய இடம் கிழியுமாயின் சக்கரம் பின்வாங்கி உடலில் மோதும். வண்டி ஓட்டுவானின் வசப்படாது. குமுளி மலையின் வளைவொன்றில் இது நிகழ்ந்தால் விளைவு யாதாகும் என்பதனை விரித்துரைக்க வேண்டா.

துரு வந்த வழி

இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடியவழித் துரு பிறக்கும். நீரில் உப்புக் கரைந்திருப்பின் அச்செயல் விரையும். துரு, தான் தின்ற இரும்பினும் மிக்க இடத்தை அடைப்பது. ஆதலின் ஏடு ஏடாகப் பெயர்ந்து புதிய இரும்பை வெளிப்படுத்தி மேலும் தின்னும். முன்தாங்கியோ இரு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த உட்குழிவான பெட்டி. அதன் வடிதுளைகள் சேற்றால் அடைபடின், உட்புகுந்த நீர் வெளியேறாது தங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பூசிய கருவண்ணம் அதனை மறைக்குமேயன்றித் தடுக்காது.

கடற்காற்றின் உப்பு இவ்வண்டியில் முன்னரே படிந்திருந்தது. தோட்டத்து வழியும் தன் பங்கைச் சேர்த்திருத்தல் கூடும். பொட்டாஷ் உரம் உப்பின் இனத்தது. கொடிக்குத் தெளிக்கும் போர்டோக் கலவையில் மயில்துத்தம் உண்டு. அக்கலவையில் கத்தியை நனைத்து, செம்பு படிந்து செந்நிறம் தோன்றினால் சுண்ணாம்பு போதாது என்று நம் உழவர் அறிவர். அங்ஙனம் செம்பு படியுமளவுக்கு இரும்பு கரைகின்றது என்பதே அச்சோதனையின் உட்பொருள். இத்தகைய சேற்றை மாதக்கணக்கில் வண்டியடியில் சுமந்து திரிதல் நன்றன்று.

ஒட்டா, மாற்றா?

நண்பர் செலவுக்கு அஞ்சி, “ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்துவிடலாகாதா?” என்றார். மெக்கானிக், “அண்ணே, ஒட்டுப் போட்டால் பார்வைக்கு நிற்கும், மலையில் நிற்காது” என்று மறுத்தார். அவர் கூற்று நியாயமே. பற்றவைப்புப் பிடிப்பதற்கு நல்ல இரும்பு வேண்டும். சூழவும் மெலிந்த தகட்டில் வைத்த ஒட்டு, தன் விளிம்பிலேயே கிழியும். சூட்டினால் உட்புறத்துப் பூச்சு எரிந்து மீண்டும் துருவுக்கு வழியாகும். சட்டம் வளைந்து சக்கரத்தின் நிலையும் பிறழலாம். பாரம் தாங்காத ஓரிடத்துச் சிறு துளையை ஒட்டலாம். ஆர்ம் பொருந்தும் இடத்தை ஒட்டலாகாது. நண்பர் இருநாள் சிந்தித்து, புதிய முன்தாங்கிக்கு இசைந்தார்.

மாற்றும் முறை

வேலைக்கு முந்திய மாலையிலேயே போல்ட்டுகள் யாவற்றிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தனர். மறுநாள் பின்சக்கரங்களுக்குத் தடை வைத்து, முன்புறத்தைத் தூக்கி, உடலின் உறுதியான இடங்களில் ஸ்டாண்டுகளை நிறுத்தினர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியடியில் புகுதல் உயிரோடு விளையாடுவதாகும். பாட்டரி இணைப்பை நீக்கினர். எஞ்சினின் ஒரு பிடி முன்தாங்கியில் இருத்தலின், அதனைக் கழற்றுமுன் செயின் பிளாக்கினால் எஞ்சினை மேலிருந்து தாங்கிக்கொண்டனர்.

பின்னர்ச் சக்கரங்களைக் கழற்றி, ஸ்டீயரிங்கை நேராக நிறுத்தி, அதன் தண்டு ராக்கோடு சேரும் இடத்தில் அடையாளம் கீறிப் பிரித்தனர். இவ்வடையாளம் இன்றேல் பின்பு ஸ்டீயரிங் கோணலாக அமையும். அடுத்துப் பால் ஜாயிண்ட்டுகள், டை ராடு முனைகள், எஞ்சின் பிடி ஆகியவற்றை முறையே விடுவித்தனர். முன்தாங்கியின் அடியில் பலகை வைத்த ஜாக்கியைக் கொடுத்து, அஃதிருந்த நிலையை உடலிற் குறித்துக்கொண்டு, பெரும்போல்ட்டுகளைத் தளர்த்தலாயினர்.

இங்கே பொறுமை வேண்டும். போல்ட்டு ஏறும் நட்டு உடலின் உள்ளே பற்றவைக்கப்பட்டிருக்கும். வலிந்து திருகின் போல்ட்டு முறியும். அன்றேல் நட்டு பெயர்ந்து உடன் சுழலும். அப்பொழுது தகட்டை அறுத்தன்றி அதனைப் பிடித்தல் இயலாது. ஆதலின் சிறிது தளர்த்தி, மீண்டும் முடுக்கி, எண்ணெய் விட்டு, இவ்வாறே பலகாலும் செய்தனர். ஒரு போல்ட்டு மட்டும் அரைநாளைத் தின்றது. கீழிறங்கிய பழைய முன்தாங்கியைச் சாய்த்தபோது ஒரு கையளவு செந்தூள் உதிர்ந்தது.

உடனே புதியதை ஏற்றிவிடவில்லை. முன்தாங்கி பொருந்தும் உடற்பகுதியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சோதித்தனர். அவ்விடமும் இற்றிருப்பின் புதிய சட்டத்தாற் பயனில்லை. நற்பேறாக அஃது உறுதியாயிருந்தது. புதிய முன்தாங்கியின் உட்புறத்தில் மெழுகெண்ணெய் தெளித்தனர். ஆர்ம் புஷ்களையும் போல்ட்டுகளையும் புதியனவாகக் கொண்டனர். ஏற்றும்போது எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் திருகி, குறித்த நிலைக்குச் சட்டத்தை நகர்த்திய பின்னரே, உற்பத்தியாளர் விதித்த அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முடுக்கினர். ஆர்ம் புஷ்களின் போல்ட்டுகளை மட்டும் வண்டி தன் பாரத்தோடு தரையில் நின்ற பின்பு முடுக்கினர். தொங்கும் நிலையில் முடுக்கின் ரப்பர் முறுக்குண்டு விரைவிற் கிழியும். இறுதியில் சக்கரங்களின் அலைன்மெண்ட் பார்த்து, முதலில் சமவெளியில் ஓட்டிச் சோதித்தனர். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளை மீண்டும் சோதித்தல் வேண்டும் என்றும் அறிவுறுத்தினர்.

காக்கும் முறை

மழையிலும் சேற்றிலும் ஓடிய வண்டியின் அடியை நன்னீரால் கழுவுக. வடிதுளைகளைக் கம்பியால் திறந்து வைக்க. துருவின்மேல் தாரோ வண்ணமோ பூசற்க. முதலில் துருவை நீக்குக. கழிவு எஞ்சின் எண்ணெயைப் பூசும் வழக்கம் ரப்பருக்கும் நிலத்துக்கும் கேடாதலின் அதனை விடுக. பழைய வண்டி வாங்குவார் மேற்பளபளப்பைக் காணுமுன் அதனைத் தூக்கி அடியைக் காண்க. நம் நாட்டில் சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கொருமுறை சோதித்துப் புதுப்பிக்கப்படும். அந்நாள் வரும்வரை துரு காத்திராது.

வேலை முடிந்தபின் நண்பரோடு யாமும் குமுளிக்குச் சென்று மீண்டோம். இறக்கத்தில் அவர் பிரேக்கை மிதிக்குந்தோறும் யாவரும் பேச்சை நிறுத்திச் செவிசாய்த்தோம். ஒலி எழவில்லை. பின்னிருக்கையில் குழந்தைகள் உறங்கிவிட்டனர். பழைய முன்தாங்கியை மெக்கானிக் பட்டறை வாயிலிலேயே சாத்தி வைத்துள்ளார். ஒட்டுப் போடச் சொல்லி வருவார்க்கு அதனைக் காட்டி, விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்கின்றார்.